பச்சைக் கறை

இன்று கையில் கிடைத்த கல் உள்ளங்கை அளவுதான். ஆனால் அதன் ஒரு முகம் முழுவதும் மாலகைட் என்ற செம்புக் கனிமத்தின் பச்சைப் படலம்.

உடைந்த பக்கத்தில், பாறைப் பிளவை நிரப்பிய வெண்ணிறக் குவார்ட்ஸ் நரம்பின் நடுவே, சால்கோபைரைட் என்ற செம்புத் தாது பித்தளை மஞ்சளாக மின்னியது. எடையில் ஏறத்தாழ 34.6 சதவீதம் செம்பு. மீதி இரும்பும் கந்தகமும். மழைநீரும் காற்றும் அதைச் சிதைத்தே வெளியே பச்சை பூசியிருக்கின்றன.

தங்கம் கண்ணில் படவில்லை. (பளிச்சென்று பட்டிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.) ஒரு டன் பாறைக்கு 1 கிராம் தங்கம் இருந்தாலும் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்; கண்ணுக்கு எளிதில் தெரியாது.

இப்படிப்பட்ட பச்சையைப் பார்த்துத்தான் முன்னோர் செம்பு தேடிக் குழி தோண்டினார்கள். பின்வந்தவர்கள் ஓடை மணலைச் சலித்து, மண் மாதிரி எடுத்து, கடைசியில் துளையிட்டார்கள். நரம்பு ஆழத்தில் மெலிந்து மறைந்தால் அவ்விடம் வரைபடத்தில் சிறு புள்ளியாகவே தங்கிவிடும். செம்பு விலை ஏறும்போதெல்லாம் யாரோ ஒருவர் பழைய துளைப் பதிவேட்டைத் தூசி தட்டுவார்.