மேல இருக்குற பியானோ

ஜூலை 6
இன்னிக்கும் அப்பா டம்ளர இடது கைலதான் எடுத்தாரு.

ஜூலை 8
ஏற்காடு போயி அந்த பங்களா பியானோவ மறுபடி பாத்தேன், கால்ல மிதிச்சா ஓட்ட போட்ட பேப்பர் ரோல வெச்சு தானா வாசிக்கிற பழைய ரகம். கீழ்ப்பலகைய கழட்டுனா உள்ள எலிக்கூடு, துருத்தித் துணி மடிப்புக்கு மடிப்பு வெடிச்சு கெடக்கு, ரப்பர் டியூப் ஒண்ண லேசா நசுக்குனேன், வறுத்த சுண்டவத்தல் மாதிரி பொடிஞ்சுது. கட்டைக்கு ஒண்ணுன்னு 88 டியூப். ஆனா பேப்பர் ரோல் ஓடுற பித்தள பார் மட்டும் அப்டியே இருக்கு, ஒவ்வொரு ஓட்டையும் கடுகு சைஸ். தையல் மிஷின் மாதிரி ரெண்டு காலாலயும் மிதிச்சேன். புஸ்ஸுன்னுச்சு, அவ்ளோதான்.

ஜூலை 9
தம்பி யமஹா டிஸ்க்ளேவியர் வீடியோவா அனுப்புறான். "புதுசா வாங்கி தொலைக்கா". இதோட மொத வடிவத்த ஜப்பான்ல 1982லயே விட்டுட்டாங்களாம். தட்டுனா கரண்ட்ல தானா கட்ட இறங்குது, சத்தமும் சுத்தம், ஒத்துக்கறேன். வெலைய கேட்டா வீட்ட எழுதி குடுக்கணும், அது வேற கத. ஆனா முன்னாடி உக்காந்திருக்குறவரு என்ன பண்றது, கை கட்டி வேடிக்க பாக்குறதா? அப்பா ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "பேய் வாசிக்குது"ன்னு மூஞ்ச திருப்பிக்கிட்டாரு.

ஜூலை 12
செவ்வாப்பேட்ட ஹார்மோனியக்கார அண்ணங்கிட்ட போட்டோ காட்டுனேன். காத்து ஊதி வாசிக்குதுன்னு நெனச்சாரு, நானும் மொதல்ல அப்டித்தான் நெனச்சேன். இல்ல, இது உறிஞ்சுது. மிதிக்க மிதிக்க உள்ள காத்து கொறையுது, ரோல்ல ஓட்ட வர்ற எடத்துல வெளிக்காத்து பார் வழியா பூந்து ஒரு தோல் பைய உப்ப வெக்குது, அது வால்வ தூக்குது, குட்டி துருத்தி சப்புன்னு சுருங்கி சுத்தியல தள்ளுது. "அட, ஸ்ட்ரா போட்டு எளநி குடிக்கிற கதையா"ன்னாரு. தோல், துணி, டியூப்பு எல்லாம் மாத்திரலாமாம், மாசக்கணக்கா ஆகும்னாரு.

ரோலுக்கு பயமில்ல. 1908லயே அமெரிக்காவுல கம்பெனிக்காரங்க ஒண்ணா உக்காந்து அகலம் 11¼ இன்ச், இன்ச்சுக்கு 9 ஓட்டன்னு பேசி முடிச்சிட்டாங்க, அதுக்கப்புறம் யாரு போட்ட 88 கட்ட ரோலும் இதுல ஓடும்.

ஜூலை 13
மழ. மேல எப்டி பெய்யுதோ. அந்த பங்களா ஜன்னல் சாத்தவே வராது.

ஜூலை 17
பிசியோ வந்தாரு. காலு ரெண்டும் சூப்பர், நல்லா மிதிக்க விடுங்கன்னாரு. கைய பத்தி ஒண்ணும் பேசல, நானும் கேக்கல.

ஜூலை 19
பெங்களூரு பியானோ ட்யூனர் போன்ல பயத்த கெளப்பி விட்டுட்டாரு. துருத்தி செத்தா பொழைக்க வெக்கலாம், கம்பி முறுக்குற ஆணிய புடிச்சிருக்குற பலக வெடிச்சிருந்தா கிட்டயே போவாதீங்கன்னு. அத நான் பாக்கவே இல்ல! எலிக்கூட்டையே பாத்துட்டு வந்திருக்கேன். அப்டியே நல்லா இருந்தாலும் 300 கிலோவுக்கு கொறையாத இரும்பு, 20 கொண்ட ஊசி வளைவு, எந்த லாரிக்காரன் வருவான்? டிஸ்க்ளேவியர் மட்டும் என்ன பஞ்சா, ஆனா அத கடைக்காரன் எறக்கி வெச்சிட்டு போவான்.

ஜூலை 20
தூக்கமில்ல. பலக. பலக.

ஜூலை 24
அப்பா டிவி பாத்துட்டே கால ஆட்டுறாரு. வலது, இடது, வலது.

ஜூலை 25
ட்யூனர் நாளைக்கு காலைல 8 மணிக்கு அடிவாரம் வந்துடுறாராம். டார்ச் எடுத்து வெக்கணும், எலி மருந்து, அப்புறம் அந்த ஜன்னலுக்கு