வலது காலுக்குத் தெரிந்த கார்

முப்பது ஆண்டுகள் பெட்ரோல் கார் ஓட்டிய என் மாமா, சென்ற ஆண்டு மின்சாரக் காருக்கு மாறினார். முதல் நாள் பட்டனை அழுத்திவிட்டு, "ஸ்டார்ட் ஆயிடுச்சா மாப்ளே?" என்று கேட்டார். திரையில் 'ரெடி' என்று பச்சை எழுத்து எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு அந்தப் பழைய சிறு அதிர்வு வரவில்லை என்பதே அவருடைய குழப்பம். ஹூண்டாய் 2023-இல் அறிமுகப்படுத்திய 'ஐயோனிக் 5 N' என்ற மின்சாரக் காரில், இல்லாத கியர் மாறுவதுபோல் ஓசையும் உதறலும் வரும் என்று படித்தபோது நான் சிரித்திருக்கிறேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கிளட்ச் இல்லாததால் அவருடைய இடது கால் இரண்டு நாள் தவித்து அடங்கிவிட்டது. வலது கால்தான் பெரும்பாடு படுத்தியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி சிறிது தூரம் உருளும் என்பது அந்தக் காலின் கணக்கு. மின்சாரக் காரிலோ, காலை எடுத்த நொடியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புவதால், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்குகிறது. ரீஜென் எனப்படும் இந்த இழுப்பை நிஸான் 2017-இல் இரண்டாம் தலைமுறை லீஃப் காரில் 'இ-பெடல்' என்ற பெயரில், ஒரே மிதியில் வண்டியை முழுவதுமாக நிறுத்தும் அளவுக்குக் கொண்டுசென்றது. பழகியவருக்கு அது சுகம். முதல் வாரத்தில் பின்சீட்டிலிருக்கும் அத்தைக்குக் குமட்டல்.

என் பார்வையில், இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலெட்டும் இடத்தில் பேடில் எனும் சிறு நெம்புகோல் வைப்பதே நல்ல வடிவமைப்பு. ஓட்டுபவர் குறைந்த அளவில் தொடங்கி, தன் கால் சொல்லும்போது ஒரு படி ஏற்றிக்கொள்வார். மாமாவின் காரில் இழுப்பை மாற்றும் வசதி திரைக்குள் மூன்று பக்கங்கள் தாண்டி இருந்தது.

அவர் அதைப் பழகிக்கொண்ட பிறகு ஏற்காட்டுக்குப் போனோம். இரவு முழுக்க சார்ஜ் போட்டு, 100 சதவீதத்தோடு காலையில் சேலம் நோக்கி இறங்கினோம். முதல் கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தார்; இழுப்பே இல்லை. நிரம்பிய பேட்டரி மேலும் மின்சாரத்தை வாங்காது என்பதால் ரீஜென் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. சில கார்கள் அத்தகைய நேரத்தில் சாதாரண பிரேக்கைத் தாமாகவே கலந்து, மிதியில் அதே உணர்வைத் தந்துவிடும். இந்தக் கார், மூக்குக் கண்ணாடி போட்டாலும் கண்ணில் படாத ஒரு மஞ்சள் குறியைத் திரையின் ஓரத்தில் காட்டியதோடு சரி. மாமா பிரேக்கை மிதித்துச் சமாளித்தார். பெட்ரோல் காராக இருந்தால் இரண்டாம் கியரில் போட்டுவிட்டு நிம்மதியாக இறங்கியிருப்பார்.

இப்போதெல்லாம் மலைமேல் தங்கினால், 85 சதவீதம் ஆனதும் அவரே எழுந்துபோய் சார்ஜரைக் கழற்றிவிட்டு வந்து படுக்கிறார்.