ஜெபல் ஷம்ஸ்: கழுதைத் தடத்தில் கேமராவோடு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் யாரிடம் கேட்டாலும் ஓமன் நாட்டு மலையான ஜெபல் ஷம்ஸின் படம் ஒன்று போனில் வைத்திருப்பார்கள். தடுப்புக் கம்பிக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள், பின்னால் சாம்பல் நிறத்தில் பெரிய பள்ளம். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு அது. நேரில் எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். படத்தில் அந்த ஆழம் வரவே வராது. என்ன லென்ஸ் போட்டாலும் சரி. எவ்வளவு பெரியது என்று கண் அளந்துகொள்ள அங்கே ஒரு மரமோ வீடோ இல்லை. வெறும் பாறைக்குப் பின்னால் வெறும் பாறை.

அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்கை எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அதன் ஓரத்தில் நடந்து, அங்கே ஊர் கட்டி, வயல் போட்டுப் பிழைத்தவர்கள் விட்டுப்போன தடங்களைத்தான் எடுக்கிறேன். இந்த மலைகளில் எடுக்க வேண்டிய படம் அதுதான் என்பது என் எண்ணம்.

நான் சர்வேயர். வாரம் முழுக்க டோட்டல் ஸ்டேஷன், லெவல் என்ற நில அளவைக் கருவிகளை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலை. வெள்ளி, சனி லீவு வந்தால் அண்ணாச்சியோடு மலைக்குப் போவேன். அண்ணாச்சி நாகர்கோவில்காரர், ஒரு கம்பெனியில் டிரைவர். ஓமனிகளோடு அரபியில் சரளமாகப் பேசுவார். வழியில் எந்தப் பெரியவரைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி சலாம் சொல்லி, குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் நகருவார். எனக்குக் கிடைத்த படங்களில் பாதி அவர் விசாரிப்பால் கிடைத்தவை.

முதலில் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வெளிச்சம் எப்படி விழும் என்பதைப் பாறைதான் தீர்மானிக்கிறது. மஸ்கட்டைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் கறுத்த பழுப்பு. அது ஓஃபியோலைட். பழைய டெத்திஸ் கடலின் அடித்தட்டும் அதற்குக் கீழே பூமிக்குள் இருந்த பாறையும் சேர்ந்து, சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அரேபிய நிலத்தின் மேல் ஏற ஆரம்பித்தவை. இவ்வளவு பெரிய அளவில் கடலடிப் பாறை வெளியே தெரியும் இடம் உலகிலேயே அபூர்வம். புவியியல் படிக்கிறவர்கள் இதைப் பார்க்கவென்றே ஓமனுக்கு வருகிறார்கள். நிஸ்வா தாண்டி அல் ஹம்ரா பக்கம் போனால் காட்சி மாறிவிடும். வெளிர்சாம்பல் சுண்ணாம்புப் பாறை, அடுக்கடுக்காக. அதுவும் கடலுக்கு அடியில் படிந்ததுதான். மலை உச்சியில் நின்றுகொண்டு பாறைக்குள் கிளிஞ்சலின் வடிவத்தைத் தடவிப் பார்க்கலாம்.

கறுப்புப் பாறை வெளிச்சத்தை விழுங்கிவிடும். காலை, மாலை சாய்ந்த வெயிலில் மட்டும் விளிம்புகள் தெரியும், மற்ற நேரம் கரித்துண்டு. சுண்ணாம்புப் பாறை நேர் எதிர். பத்து மணிக்கு மேல் வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும். கேமரா சராசரி பார்த்துக் கொடுக்கும் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, நம்பினால் பாறையின் அடுக்குகள் வெளுத்துப்போகும். நான் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்து வெளிச்சப் பகுதி வெட்டுப்படாத அளவுக்குக் குறைத்து, கேமரா திருத்தாத மூலப்பதிவான ரா ஃபைலாக எடுத்துக்கொள்வேன். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்ததை மீட்க முடியாது. வானத்தை அடர்த்தியாகக் காட்டும் போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் வைட் லென்ஸில் அதை முழுக்கத் திருகாதீர்கள். இங்கே வானம் ஏற்கெனவே அடர்நீலம், ஒரு மூலை மட்டும் கறுத்துப்போய்த் திட்டாகத் தெரியும். வாடைக்காற்றில் தூசி கிளம்பினால் தூரத்து மலைகள் கரைந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் எந்த வேலை இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜெபல் ஷம்ஸ் மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அல் ஹம்ரா கடந்து கூல் என்ற ஊர் வரும். வாடி என்னும் காட்டாற்றுப் பள்ளத்தின் தரையில் பேரீச்சந் தோட்டங்கள், எதிர்ச் சரிவில் கைவிடப்பட்ட பழைய ஊர். மலைக்கல்லையே எடுத்துக் கட்டியதால் வீடு எது, பாறை எது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். அங்கிருந்து ஏற்றம். கடைசிப் பகுதி ஜல்லிப் பாதை என்பதால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் நல்லது. மேலே போகப் போகக் காட்டு ஆலிவும் ஜூனிப்பரும் தென்படும். பாலைவன நாட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஜூனிப்பர் மரங்களின் தண்டு தனி அழகு. ஒன்றிரண்டு படமாவது எடுக்காமல் நான் கடந்ததில்லை.

பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் அந்தக் கழுதைத் தடம் தொடங்கும் இடம் அல் கிதைம் என்ற சின்னக் குடியிருப்பு. டபிள்யூ6 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், பால்கனி வாக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை அடித்திருப்பார்கள். அதைப் பின்பற்றினால் வழி தவறாது. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் பள்ளம். ஆனாலும் பயப்படும்படி குறுகலான பாதை இல்லை. சுமை ஏற்றிய கழுதை போய்வரத் தேவையான அகலம் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் போனதும் வந்ததும் கழுதைகள்தான். சர்வேயர் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பாறை அடுக்கு எங்கே படி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதன் மேலேயே பாதை போகிறது. வீணாக ஏறி இறங்கவே இல்லை. அடுக்கு அறுந்த இடத்தில் மட்டும் கல் அடுக்கி நிரவியிருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமல் இப்படி ஒரு லைன் எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்தக் கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பாதை நடுவில் பதிந்திருக்கும் சுண்ணாம்புக் கற்கள் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஓரத்துக் கல் சொரசொரப்பாக இருக்க, நடுக்கல் மட்டும் திண்ணைக்கல் போல மின்னும். தலைமுறை தலைமுறையாகக் குளம்பும் காலும் பட்டுப் பட்டு வந்த பளபளப்பு. நண்பகலில் இது தெரியவே தெரியாது. காலையில் சூரியன் சாய்வாக இருக்கும்போது, கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி எடுத்தால், மங்கலான தரையில் பாதை மட்டும் பளிச்சென்று வளைந்து வளைந்து போவது தெரியும். வேறு எதுவும் அந்த ஃபிரேமில் வேண்டாம். 35 எம்எம் லென்ஸ் போதும். முட்டி போட்டு, வயிறு படப் படுத்து எடுக்க வேண்டியிருக்கும், சட்டை புழுதியாகும், பரவாயில்லை. இந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு படம் சொல்வதுபோல் என்னிடம் வேறு படம் சொல்வதில்லை.

மதியத்துக்கு மேல் பாதை முழுக்க நிழலுக்குள் வந்துவிடும், எதிர்ச்சுவரில் மட்டும் வெயில் இருக்கும். அதனால் மற்ற படங்களுக்கு, காலையில் கூட்டத்தோடு கூட்டமாகப் போவதைவிட, வேலையை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வண்டிக்குத் திரும்பும்படி கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒருமுறை பாறை ஓரமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அண்ணாச்சி சட்டென்று கையைப் பிடித்தார்.

"தம்பி, கீழே பாருடே. நமக்குக் கீழே பறக்கு."

மஞ்சள்முகப் பாறு. வெள்ளை உடம்பு, இறக்கையின் விளிம்பில் கறுப்பு. நம் காலுக்குக் கீழே காற்றில் மிதந்துபோனதால் அதன் முதுகு தெரிந்தது. கழுகின் முதுகை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

"இது எங்கே இருந்த பறவைன்னு தெரியுமா அண்ணாச்சி? திருக்கழுக்குன்றத்துல மத்தியானம் பொங்கல் சாப்பிட வருமே, அதே ஜாதி."

"அங்கே இப்போ வாரதில்லையேடே."

வருவதில்லைதான். நம் ஊர்ப் பக்கம் அரிதாகிவிட்ட இந்தப் பாறுகள் ஓமனில் இன்னும் நல்ல எண்ணிக்கையில் இருக்கின்றன. மஸ்கட் பக்கம் குப்பை கொட்டும் இடங்களில்கூடக் கூட்டமாகப் பார்க்கலாம். உலக அளவில் அழிவை நோக்கிப் போகும் இனம் என்று பட்டியலில் இருக்கிற பறவை நம் காலடியில் பறக்கும்போது, படம் எடுப்பதா வெறுமனே பார்ப்பதா என்று ஆகிவிடும். முதல் பறப்பை நான் எப்போதும் பார்க்கத்தான் வைத்துக்கொள்வேன்.

பாதை முடிகிற இடம் அஸ் ஸாப். பெரிய பாறை ஒன்று கூரை மாதிரி முன்னுக்குத் துருத்தி நிற்க, அதன் அடியில் கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பி வீடுகள். கூரை போடத் தேவையே இருந்திருக்காது. வீடுகளுக்குக் கீழே, பள்ளத்தின் விளிம்பு வரை, படிப்படியாக வயல்கள். சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய வரப்புச் சுவர்கள் பல இடங்களில் இன்னும் நேராக நிற்கின்றன. ஊருக்கு மேலே கொஞ்சம் ஏறினால் பாறையடியில் தண்ணீர் தேங்கும் குளம் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊரே. 1970-க்குப் பிறகு நாட்டில் சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வர வர, இது மாதிரி மலை ஊர்க்காரர்கள் கீழே இறங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குள் இருந்து வெளியே பார்த்து எடுப்பது கஷ்டம். உள்ளே கும்மிருட்டு, வெளியே கண் கூசும். எதிர்ச்சுவரின் வெயில் கொஞ்சம் தணியும் வரை காத்திருந்து, டிரைபாடில் வைத்து மூன்று நான்கு எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்ப்பேன். வாசலின் உயரம் தெரியும்படி அண்ணாச்சியைக் குனிந்து நுழையச் சொல்வேன். ஆள் ஒருவர் உள்ளே வந்ததும் அளவு கிடைத்துவிடுகிறது. சுவரில் ஏறாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். ஒரு கல் உருண்டால் அந்த வரப்பே சரிந்துவிடும். திரும்பக் கட்ட அங்கே ஆள் இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் மிஸ்ஃபாத் அல் அப்ரியீனையும் சொல்லியாக வேண்டும். அல் ஹம்ராவுக்கு மேலே, இன்னும் ஆள் வாழும் ஊர். ஃபலஜ் என்னும் வாய்க்கால் அங்கே பேரீச்சை, வாழை நடுவே ஓடுகிறது. பம்பு கிடையாது, தரையின் வாட்டம், அதாவது சரிவு மட்டும்தான். நாங்கள் லெவல் வைத்துப் பிடிக்கும் வாட்டத்தை அவர்கள் தண்ணீரையே வைத்துப் பிடித்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பகலில் சூரிய நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்துப் பங்கிட்டது இந்த நாட்டு வழக்கம். சுமார் 3000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன, அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வாய்க்கால் நிழலில் இருக்க, எதிரே உள்ள சுவரில் வெயில் விழும் நேரத்தில் போங்கள். தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருக்கும்.

சில விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன். குளிர்காலத்தில் மேலே இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும், ஸ்வெட்டர் வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. மழை அறிவிப்பு இருந்தால் வாடிக்குள் இறங்கவே கூடாது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், எங்கோ மேலே பெய்த மழை கல்லையும் புரட்டிக்கொண்டு வந்துவிடும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் ஓமனில் பள்ளிக்குழந்தைகள் பலியானதை யாராலும் மறக்க முடியாது. டிரோனுக்கு அனுமதி தேவை. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், ஆண்களையும் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

வண்டி இல்லாதவர்கள் மஸ்கட்டிலேயே மத்ரா பகுதியில் சி38 என்ற நடைபாதையில் தொடங்கலாம். ரியாம் பூங்காவிலிருந்து ஏறிக் கறுத்த மலைக்கு நடுவே போய் மத்ராவில் இறங்கும். இடையில் இடிந்த ஊர் ஒன்றின் சுவர்களும் பழைய வாய்க்காலும் உண்டு. ஒரு காலைப்பொழுது போதும்.

அல் கிதைமில் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரியவர் ஆட்டுமயிரில் நெய்த விரிப்பும் சாவிக்கொத்துக் கயிறும் விற்பார். சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் பட்டைகள். அண்ணாச்சி வழக்கம்போல உட்கார்ந்துவிட்டார், கஹ்வா என்ற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் வந்தன. என் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தார் பெரியவர். பள்ளத்தாக்குப் படங்களை ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தவர், வயல் படம் வந்ததும் நிறுத்தினார். பெரிதாக்கச் சொன்னார். ஒவ்வொரு வரப்பாக விரல் வைத்து இது யாருடையது, அடுத்தது யாருடையது என்று பேர் பேராகச் சொன்னார். அண்ணாச்சி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மூலையில் இருந்த சின்னத் துண்டு அவருடைய தாய்மாமன் வயலாம்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தேன். அல் ஹம்ராவில் இருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒன்று வேண்டுமாம், கண் சரியாகத் தெரியாததால் பெரிதாக வேண்டுமாம். மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு கடையில் பெரிய சைஸில் போடக் கொடுத்திருக்கிறேன். அக்டோபரில் வெயில் தணிந்ததும் கொண்டுபோக வேண்டும்.