பாதிப் போட்டியில் பையைக் கட்டினேன்

துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. மழை கொட்டினாலும் கிடைக்காது, காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போனாலும் கிடைக்காது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் ஆறவில்லை, அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போனது, இயந்திரம் வானில் வீசும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் போட்டிக்கு. அதிலும் ‘ஸ்போர்ட்டிங்’ வகை. ‘ஸ்கீட்’ என்ற இன்னொரு வகையில் தட்டு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பாதையில் வரும் என்பது முன்பே தெரியும். இதில் நின்று சுடும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு புதுத் தொல்லை. ஒன்று தலைக்கு மேலே பறக்கும், ஒன்று குறுக்கே பாயும், ‘முயல்’ என்று ஒன்று தரையில் உருண்டு துள்ளி ஓடும். மொத்தம் 100 தட்டுகள். 25 தோட்டா அடங்கிய பெட்டிகள் நான்காவது வேண்டும். தோட்டா, கட்டணம், அறை வாடகை, பெட்ரோலில் என் பங்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். துப்பாக்கிப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் நண்பரின் கார். வழியில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

முதல் சில நிலைகள் அருமை. பிறகு காற்று எழுந்தது. தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம் அளவுதான். எதிர்க்காற்று அடியில் புகுந்தால் ஜிவ்வென்று மேலே ஏறும். பின்காற்று அழுத்தினால் பொத்தென்று இறங்கும். குறுக்கே போக வேண்டிய தட்டு ஒன்று நடுவானில் எழும்பி, ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சரிந்தது. நான் சுட்ட ரவை, அது போயிருக்க வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போனது. அதற்கு யார் மதிப்பெண் கொடுக்கிறார்கள்?

அடுத்து மழை. கண்ணாடியில் ஒரே ஒரு துளி, வலக் கண்ணுக்கு நேர் நடுவில். துடைத்தால் மங்கல், துடைக்காவிட்டால் இரண்டு தட்டு. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால் ஈரக் கட்டையில் கன்னம் வழுக்கியது. குழலின் மேல்பட்டையில் தேங்கிய நீர், ஒவ்வொரு வெடிக்கும் முகத்தில் தெறித்தது. தட்டு அடைத்து வந்த அட்டைப் பெட்டிகள் நனைந்து பிய்ந்தன. பெயர்தான் களிமண் தட்டு, உண்மையில் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்தது, மழையில் கரையாது. ஆனால் பெட்டி பிய்ந்து கீழே விழுந்தவை விரிசல் விட்டு, இயந்திரத்திலிருந்து சில்லு சில்லாகக் கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் “நோ பேர்ட்”, அதாவது செல்லாத தட்டு, மறுபடி முதலிலிருந்து.

விதிப்படி, தட்டிலிருந்து ஒரு துண்டாவது பெயர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் தூசி பறந்தால் கணக்கில் வராது. என் தட்டிலிருந்து சில்லு பறந்ததை நானும் பார்த்தேன், பின்னால் காத்திருந்தவரும் பார்த்தார். நடுவர் அப்போது தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு: பூஜ்யம்.

1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே சுட்டார்கள். அந்தப் புறாக்கள்கூட இந்த மழையில் கூட்டை விட்டுக் கிளம்பியிருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். இடி இடித்தது. இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது உள்ளே இருக்க வேண்டும் என்பது திறந்தவெளி விளையாட்டுகளுக்கெல்லாம் சொல்லப்படும் எச்சரிக்கை. இங்கே தலை துவட்டும் நேரம்கூடத் தரவில்லை. “அடுத்த குழு வரலாம்” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்க நான் தயாராக இல்லை.

“அண்ணே, பணம் கட்டியாகிவிட்டது, முடித்துவிட்டே போகலாமே” என்றார் நண்பர்.

“கட்டிய பணம் போனது போனதுதான், தம்பி. மீதித் தோட்டாவையும் ஏன் அதன் பின்னால் அனுப்ப வேண்டும்?”

துப்பாக்கியை மடக்கி, குழல் காலியாக இருப்பதை நண்பரிடமும் காட்டிவிட்டு, போட்டிக்காரர்களிடம் ஸ்கோர் சீட்டைக் கொடுத்தேன். “விலகினார்” என்று குறித்துக்கொண்டார்கள். வரிசையில் நின்ற ஒருவர் “மழைக்கே பயமா?” என்று சிரித்தார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. இந்த வீம்புதான் எனக்குப் புரிவதே இல்லை.

கார் நிறுத்திய வயல் சேறாகியிருந்தது. சக்கரம் சுழன்றதே தவிர வண்டி அசையவில்லை. இழுத்துவிட ஒரு டிராக்டர்காரர் தயாராக நின்றிருந்தார். அவர் கேட்ட தொகைக்கு இன்னும் இரண்டு பெட்டி தோட்டா வாங்கியிருக்கலாம். பேரம் பேசினேன். வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “நேரம் போனால் இன்னும் கூடும்” என்றார். கொடுத்துத் தொலைத்தோம். இவரும் போட்டிக்காரர்களும் கூட்டு என்று நண்பர் வழியெல்லாம் சாதித்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அறைக்குப் போனதும் முதல் வேலை துப்பாக்கி. நனைந்த உறைக்குள் ஓர் இரவு இருந்தாலே துருப்பிடித்துவிடும். குழலைத் தனியாகக் கழற்றி, குழல் முனையில் பொருத்தும் குறுக்கிகளான சோக்குகளைத் திருகி எடுத்து மரையைத் துடைத்து, மேல்பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த நீரை ஊதி வெளியேற்றி, மெல்லிய எண்ணெய் பூசினேன். போகிறவர்கள் பழைய துண்டு நிறைய எடுத்துப் போங்கள். தொப்பி கட்டாயம், விளிம்பு நீண்டதாக. தோட்டாக்களின் உறை பிளாஸ்டிக் என்பதால் பழுதில்லை. உலோக அடிப்பாகத்தைத் துடைத்து அடுக்கினேன். அடுத்த போட்டிக்குப் பாதித் தோட்டா இப்போதே கையில் இருக்கிறது. கட்டணம் திருப்பித் தருவார்களா என்று மட்டும் இந்த முறை முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்.