ஃபோர்ட் கேனிங் மலையும் அடிவாரத்து முருகனும்

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் மலைக்குப் போக, தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) தங்குபவர்கள் ரயில் நிலையத்தின் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் புகிஸ், பேஃபிரண்ட், சைனாடவுன் என்று ஊரையே சுற்றிக்காட்டிவிட்டு எட்டாவது நிறுத்தத்தில்தான் ஃபோர்ட் கேனிங் வரும். வடகிழக்குப் பாதையில் டோபி காட் ஒரே நிறுத்தம், அங்கிருந்து நடை. டாக்சி தண்டச் செலவு. மலைக்கு வாசல்கள் பல. 'ஃபோர்ட் கேனிங்' என்று மட்டும் சொன்னால் மேலே இருக்கும் ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். மலையேறக் காசு எதுவும் வேண்டாம். தண்ணீரைத் தேக்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் அடிவாரத்துத் தேசிய அரும்பொருளகம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. ஆகவே பழைய எழுத்து பொறித்த சிங்கப்பூர்க் கல்லும் மலையில் கிடைத்த தங்க நகைகளும் இன்று காட்சியில் இருக்கின்றனவா என்று கவுண்டரில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். நகைகள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, 1928இல் மலையில் நீர்த்தேக்கத்துக்காக மண் வெட்டியவர்கள் கையில் அகப்பட்டவை. தோள்வளையின் தகட்டில் விழி பிதுங்க முறைக்கிறதே, அந்த முகத்தைச் சாவகத்தில் (ஜாவாவில்) காலா என்பார்கள். நமக்கு அது புதிதில்லை. சாமிக்குப் பின்னால் திருவாசியின் உச்சியில் இருக்கும் கீர்த்திமுகம்தான் அது.

கல் ஏறத்தாழ 3 மீட்டர் உயரப் பாறையாக ஆற்றுமுகத்தில் நின்றது. 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டில் இருக்கும் எழுத்தை இன்னும் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. சோழர் பட்டப்பெயர் ஒன்றின் துணுக்கு அதில் இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வாளர் கருத்துச் சொன்னார். அதை 'ராஜேந்திரன் கல்வெட்டு' ஆக்கி வாட்ஸப்பில் சுற்றவிடுவது அதிகப்பிரசங்கித்தனம்.

மலைமேல் கூரை போட்ட அகழாய்வுக் குழியைத் தவறவிடாதீர்கள். தங்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இங்கே கிடக்கும் பானை ஓடு சப்பென்றிருக்கும். விஷயம் நேர்மாறு. நகை எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. யாருடையது, ஏன் புதைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் இங்கே தோண்டத் தொடங்கியபோது அடுக்கடுக்காகப் பதிவுசெய்தார். சீனப் பீங்கான், உள்ளூர் மண்பாண்டம், கண்ணாடித் துண்டு, மணி எல்லாம் சேர்ந்து கிடந்ததை வைத்துத்தான் மலைமேல் இருந்த பழைய மன்னர்களின் அரண்மனையை ஒட்டிக் கைவினைஞர்கள் வேலை செய்த இடம் இது என்று சொல்ல முடிகிறது. 1859 முதல் 1861 வரை பிரிட்டிஷார் கோட்டை கட்ட உச்சியைச் சீவிவிட்டதால் ஓரங்களில்தான் பழைய மண் தப்பியது.

பக்கத்திலேயே பழைய சிங்கப்பூரின் கடைசி மன்னர் எனப்படும் இஸ்கந்தர் ஷாவின் பெயரில் ஒரு கெராமாட், அதாவது மக்கள் வணங்கும் அடக்கத்தலம். அவர் அங்கேதான் அடக்கமானார் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் 1822இல் வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், முஸ்லிம்களும் இந்துக்களும் சீனர்களும் ஒருசேர வணங்குகிறார்கள் என்று எழுதிவைத்தார். எலும்பு இருக்கிறதா என்று தேடுவது தொல்லியல். இல்லாவிட்டாலும் ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்பது மானிடவியல். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், செல்ஃபி வேண்டாம்.

அப்படியே டாங்க் ரோட்டுப் பக்கம் இறங்கினால் தெண்டாயுதபாணி கோயில். நகரத்தார் (செட்டியார்கள்) கட்டியது, அதே 1859இல்! மேலே உச்சியைச் சீவத் தொடங்கிய வருடமே கீழே முருகன் குடியேறிவிட்டார். மதியம் நடை சாத்திவிடுவார்கள். மலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், அல்லது மாலையில் வாருங்கள்.

தைப்பூசத்துக்கு வருபவர்கள் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து வரும் காவடிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் நாளே வர வேண்டும். அதுதான் செட்டிப்பூசம். வெள்ளித் தேர் இந்தக் கோயிலிலிருந்து கிளம்பி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் நின்று, கியோங் சைக் ரோட்டு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் மாலையில் திரும்பும். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் வட்டிக்கடை நடந்த கிட்டங்கிகள் இன்று இல்லை, இடித்தாயிற்று. தேர் மட்டும் வருடம் தவறாமல் ஓடுகிறது. தைப்பூசம் 1968இலிருந்து இங்கே பொது விடுமுறையும் இல்லை. லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள்.