பொக்ஸுக்குள் ஒரு பள்ளம்

2025 ஜூலை 6, ஞாயிறு

மூன்றுக்கு ஒன்று. பந்தடியில் தோல்வி, நான்தான் கோல்கீப்பர். அந்த மூன்றில் இரண்டை வெற்றிலை பாக்கு வைத்து நாங்களே கொடுத்தோம்.

முதலாவதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றிரவு நித்திரை வராது. கோல் கிக், அதாவது எதிரணி கோல் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்ட பந்தை நாங்கள் உதைத்துத் தொடங்குவது. தூக்கி அடிக்கக் கூடாது, கிட்ட நிற்பவனுக்குத்தான் போட வேண்டும் என்பது கோச்சின் கட்டளை. எங்கள் இடது சென்டர் பெக், நடுவில் காக்கிறவன், பொக்ஸுக்குள்ளேயே, அதாவது கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய பெட்டிக்குள்ளேயே, என்னிடம் வாங்க நின்றான். கோலுக்கு முன்னால் எங்கள் மைதானத்தில் ஒரு பள்ளம் உண்டு. வருடக்கணக்காகக் கீப்பர்மார் குதிக்காலை ஊன்றி ஊன்றித் தோண்டியது. அதில் பதினைந்து வருடம் என் பங்கு. அதற்குள் புல் முளைத்து நான் பார்த்ததில்லை, வெறும் குருமணல். என் பந்து அந்த விளிம்பில் பட்டு ஒரு துள்ளுத் துள்ளியது. அவன் உள்ளங்காலால் நிறுத்தப் பார்த்தான். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு முன்னால் தெறித்தது. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் ஓடக்கூட இல்லை. நடந்து வந்து தட்டிவிட்டுப் போனான்.

இரண்டாவது கோலுக்குப் பள்ளத்தைக் குறை சொல்ல முடியாது. நான், வலது பெக், சென்டர் பெக் மூன்று பேரும் பந்தை எங்களுக்குள் ஐந்து தடவை மாற்றிக்கொண்டோம், ஒவ்வொரு தடவையும் கோலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட. கடைசியில் என் காலில் வந்து நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பேர். ஓங்கி அடித்தேன். ஒருவனின் நெஞ்சில் பட்டு நேரே உள்ளே போனது.

வீட்டில் புட்டும் சூடைமீன் குழம்பும்.

"எத்தனை விட்டீங்க?"

"மூன்று."

"எல்லாம் நீங்களா?"

"ரெண்டு நான் குடுத்தது."

அதற்கு மேல் மனைவி கேட்கவில்லை. இன்னொரு அகப்பை குழம்பு விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

கடை பூட்டியதும் நேரே பயிற்சிக்கு. இரும்புக்கடைக்காரனுக்கு ஆணிப்பெட்டி தூக்கிய தோளோடு பாய்ந்து விழுவது லேசான வேலையில்லை. எனக்கு 38, கோச்சுக்கு 27. மற்றவர்களுக்கு முன்னால் நான் 'கோச்' என்பேன், தனியே 'தம்பி'. அவர் எப்போதும் 'அண்ணை'தான்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கீப்பர் தூக்கி அடித்த பந்து யாருக்கும் சொந்தமில்லை. கிட்டப் போட்டால் அதைப் பறிக்க எதிரணி முன்னால் வரும், வந்தால் அவர்களுக்குப் பின்னால் வெட்டை, ஆளில்லாத வெளி, கிடைக்கும். அந்த வெட்டைதான் இலாபம். கோச் கார்டியோலா 2016இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததுமே கீப்பர் ஜோ ஹார்ட்டை ஒதுக்கிவிட்டு கிளாடியோ பிராவோவை எடுத்ததும் இதற்காகத்தான். அடுத்த வருடமே பிராவோவின் இடத்துக்கு எடர்சன் வந்தார்.

"தம்பி, அவ்வளவு காசு உள்ளவங்களே முதல்ல கீப்பரைத்தான் மாத்தினவங்கள்" என்றேன்.

"உங்களை மாத்த எங்களிட்டக் காசில்லை அண்ணை."

பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு சவுத்தாம்ப்டன் கதையை எடுத்தேன். போன பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அந்த அணி இப்படித்தான் பின்னாலிருந்து விளையாடி விளையாடி, சொந்தக் கோல் வாசலிலேயே பந்தைப் பறிகொடுத்தது. டிசம்பரில் கோச் ரசல் மார்ட்டினை அனுப்பினார்கள், அப்படியும் 12 புள்ளிகளோடு கடைசி இடம். அதற்கு முந்திய பருவத்தில் கோச் கொம்பனியின் பேர்ன்லி அணியும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்தப் பெடியன்கள் கம்பளம் மாதிரிப் புல்லில் தினமும் பயிற்சி செய்கிறவர்கள். நாங்கள் கிழமைக்கு இரண்டு நாள், அதிலும் பாதிப் பேருக்கு வேலை முடிந்திருக்காது.

கோச் மறுக்கவில்லை. "கொம்பனியைப் பிறகு பயேர்ன் மியூனிக் கூப்பிட்டது" என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான்.

இன்னொரு பகிடி. பயிற்சி ஆட்டத்துக்கு விசில் ஊதிய பெரியவர், பந்து பொக்ஸைத் தாண்டும் முன்பே எங்கள் பெக் தொட்டுவிட்டான் என்று கோல் கிக்கைத் திரும்ப அடிக்கச் சொன்னார். அந்த விதி 2019இலேயே மாறிவிட்டது. இப்போது பந்து அசைந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும், நம் ஆள் பொக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். எதிரணிதான் அதுவரை வெளியே நிற்க வேண்டும். சொன்னோம். "எனக்குப் படிப்பிக்கிறியளோ?" என்றார். திரும்ப அடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டுக்குப் பூச்சியம். வென்றோம். கோச்சுக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் தூக்கி அடித்தேன்.

பெருமையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதற்பாதியில் என் தம்பி மகன் எல்லைக்கோட்டில் இருந்து எண்ணியிருக்கிறான். 9 நீள உதை, அதில் எங்கள் ஆளிடம் போனது 3. மிச்சம் ஆறு உடனே எங்களை நோக்கித் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் வென்றது ஒரு கோர்னராலும், அவர்களுடைய கீப்பரின் கைநழுவலாலும்.

இரண்டாம் பாதியில் கச்சானுக்கு எதிர்ப்பக்கம். வெளியூர்க்காரர் இதை வாசித்தால் கடலை என்று நினைக்கக் கூடாது. எங்களுக்குக் கடலையும் கச்சான், ஆடி மாதத்துச் சுடுகாற்றும் கச்சான். பின்னேரம் நாலரைக்குத் திருகோணமலையில் அந்தக் காற்று தரைப்பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும்போது உயர்த்தி அடித்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. ஒன்று அப்படியே மேலே போய் என் பொக்ஸ் விளிம்பில் வந்து விழுந்தது. எல்லைக்கோட்டில் குப்பை மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மான்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. காற்றுக்கு எதிரே கிட்டப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்போது தோன்றியது. கோச்சிடம் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

மாமா கடைக்கு வந்தார், ஒரு இறாத்தல் ஆணியும் கொஞ்சம் கதையும் வாங்க. அந்தக் காலத்து பெக். பிளேன்ரீயை உறிஞ்சியபடி, "எங்களுக்கு இந்தச் சோலியே இல்லை. நெருக்கினால் கீப்பருக்குத் திருப்பிப் போடுவம், அவன் கையால எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பான்" என்றார்.

1992இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். சொந்த ஆள் வேண்டுமென்று காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். நான் பந்தடிக்கத் தொடங்கியபோது அந்த விதி வந்து பல வருடம். ஆனாலும் எங்களில் யாரும் காலால் விளையாடப் பழக்கப்பட்ட கீப்பர் இல்லை. கால் நல்லதென்றால் முன்னால் விடுவார்கள், கால் சரியில்லாதவனைத்தான் கோலுக்குள் நிறுத்துவார்கள். நான் அப்படித்தான் கோலுக்குள் போனேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம். பயிற்சி இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

போட்டி இல்லாத ஞாயிறு. மதிலில் ஏறியிருந்து ஒரு பெடியன் 6ஆம் திகதி ஆட்டத்தை ஃபோனில் பிடித்திருக்கிறான். கோச்சும் நானும் இரண்டாவது கோலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். முதலில் நான் என்னைத்தான் பார்த்தேன், எல்லோரும் அப்படித்தான். நாலாவது தடவைதான் மற்றவர்களைப் பார்த்தேன்.

பந்து எங்களுக்குள் சுற்றும்போது நடுக்களத்து ஆட்கள் எங்கே? எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறார்கள். கீப்பரிடம் பந்து வந்தால் அது தலைக்கு மேலே வரும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எங்கள் கோலுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெளி, அதில் எங்கள் சட்டை ஒன்றுகூட இல்லை. முதல் பாஸுக்கு ஆள் இருக்கிறது, இரண்டாவதற்கும் இருக்கிறது. மூன்றாவது பாஸை வாங்க ஒருவரும் இல்லை. அதனால்தான் பந்து திரும்பத் திரும்ப என்னிடமே வந்தது.

பின்னால் ஐந்து பேர் ஒரு ஆட்டம், முன்னால் ஐந்து பேர் வேறொரு ஆட்டம். எதிரணிச் சட்டைக்காரர் மூன்று பேர் மட்டும் ஓடிவந்தார்கள், அது அவர்களுக்குக் காணும்.

"இது உங்கட பிழையில்லை அண்ணை" என்றார் கோச். கொஞ்ச நேரம் கழித்து, "என்ரதான். பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தனான்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. காற்றுக்கு எதிரே நான் அடித்த பந்து திரும்பி வந்த கதையைச் சொன்னேன்.

பிறகு கிண்ணியாவிலிருந்து வரும் நடுக்களத்துத் தம்பியைக் கூப்பிட்டோம். ஒரு மணித்தியாலம் ஒரே வேலை. நான் உருட்ட, சென்டர் பெக் வாங்க, இவன் இறங்கி வந்து பக்கவாட்டாக நிற்க வேண்டும். முதுகைக் காட்டக் கூடாது, இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆள் ஒட்டியிருந்தால் 'மேன் ஓன்' என்று பின்னாலிருப்பவன் கத்த வேண்டும். இவன் அவசரத்தில் "நானா, அடிங்க!" என்பான், அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணை. அதுவும் நல்லதுதான், எனக்கு உடனே விளங்கும். மூன்று பேருக்கு மேல் ஓடிவந்தால் யோசிக்காமல் வெளியே, பக்கக்கோட்டுக்கு. கோச் இதற்கு ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று.

முதற்பாதி காற்றோடு, ஆகவே உயர்த்தியே அடித்தேன். கோச் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் கச்சான் முகத்தில். 8 கோல் கிக்கில் 5ஐக் கிட்டப் போட்டேன், ஆனால் பள்ளத்துக்கு மேலால் இல்லை. பந்தைச் சின்னப் பெட்டியின் வலது மூலையில் வைத்து, புல் கொஞ்சம் மிச்சமிருக்கும் பக்கமாக. இது ஏன் ஒரு மாதத்துக்கு முன் தோன்றவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

ஐந்தில் இரண்டை அவர்கள் நெருக்கினார்கள், பக்கக்கோட்டுக்கு அடித்தோம். ஒன்று பிழையாகப் போய், அவர்கள் அடித்தது கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மிச்சம் இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். சென்டர் பெக் வாங்கினான், இரண்டு பேர் வந்தார்கள், கிண்ணியாத் தம்பி தோளைத் திருப்பி நின்றான். ஒரே தொடுகையில் வலது பக்கம். அங்கே எங்கள் விங் இருபது யார் தூரம் தனியே ஓடினான், முன்னால் ஆளே இல்லை. இவ்வளவு இடம் ஆட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு 38 வயதில்தான் தெரிகிறது. கடைசியில் அவன் அடித்த குறோஸ் கோலுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் போய்ச் செருகியது. பந்தை எடுக்க ஐந்து நிமிடம்.

எல்லைக்கோட்டிலிருந்து முழு நேரமும் "தூக்கி அடியடா!" என்று கத்தியவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். மாமா.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போனேன். கடை லொறியில் இரண்டு சாக்கு களிமண், ஒரு மண்வெட்டி. போய்ப் பார்த்தால் கோச் ஏற்கெனவே அங்கே, இரண்டு தண்ணீர்க் கேன், மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது. நாங்கள் பேசி வைக்கவில்லை.

மண்ணைக் கொட்டி, நனைத்து, சப்பாத்துக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினோம். பிறகு கோச் எழும்பிப் போய்ப் பந்தை உருட்டினார். ஐந்தடி நேராக வந்தது. ஆறாவது அடியில் ஒரு சின்னத் துள்ளல், இடப்பக்கம் திரும்பிப் போனது.

"இன்னும் ரெண்டு சாக்கு வேணும் அண்ணை."

"நாளைக்குக் கொண்டு வாறன். தண்ணியை நீர் கொண்டு வாரும்."