சத்தம், பார்க்கிங் என்று பேசினால் எடுபடாது: சமுதாயக் கூட விசாரணையில் நாங்கள் பட்டது

தருமபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அதே அலுவலகப் படியைத்தான் ஏற வேண்டும். எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்டிருந்த இடத்தில் சமுதாயக் கூடம் கட்டப் போவதாகப் பேச்சு கிளம்பியது. அப்புறம் அளவெடுக்க ஆள் வந்தார்கள். கடைசியில் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) முன்னிலையில் விசாரணை வரை போய்விட்டது. கூடம் இப்போது வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. இதே சிக்கலில் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். நடுநடுவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடமே வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. பழைய ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் தெருவை அடைத்துத்தான் ஷாமியானா போடுகிறார்கள். மழை பிடித்தால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓட வேண்டும். மண்டப வாடகை கொடுக்க எல்லோராலும் முடியாது. ஆனால் அதற்கு இந்த இடம்தானா? லேஅவுட்டில் பிள்ளைகள் ஓடியாட இருக்கிற ஒரே துண்டு அதுதான். இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். பணம் கட்டிவிட்டு நழுவ முடியாது. எங்களுடையது பழைய லேஅவுட் என்றாலும் அங்கீகாரம் வாங்கியதுதான், பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடம்தான்.

முதல் சுற்று 2025 ஆகஸ்ட் 15 கிராம சபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்திருந்ததால் தனி அலுவலர் பொறுப்பில் நடந்தது. லேஅவுட்டிலிருந்து போன நாங்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினோம். ஸ்பீக்கர் சத்தம், வண்டி நிறுத்த இடமில்லை, எச்சில் இலையை எங்கே கொட்டுவார்கள், கை கழுவும் தண்ணீர் எங்கே போகும். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது, அதை மீற மாட்டோம் என்றார்கள். குப்பைக்கு வண்டி வரும், தண்ணீருக்கு உறிஞ்சு குழி வெட்டுவோம் என்றார்கள். பின்னாலிருந்து பழைய ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "நேத்து வந்து வீடு கட்டினவங்க நீங்க. எங்க ஊட்டுல தாலி கட்டற மேளம் உங்களுக்குச் சத்தமா இருக்குதா?" பந்தலே கைதட்டியது. எனக்கு வாயே திறக்கவில்லை. அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது.

இதிலிருந்து ஒன்று சொல்கிறேன். தொந்தரவு பற்றிய புகார்களுக்கெல்லாம் ஒரு நிபந்தனை போட்டு வாயை அடைத்துவிட முடியும். இடத்தின் தன்மை பற்றிய கேள்வியை அப்படி மூட முடியாது. கிராம சபையில் பேசப் போகிறவர்கள் இரண்டாவதை முதலில் எடுங்கள்.

எங்கள் ஆட்சேபணையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொன்னோம். "எழுதிக்கறேன்மா" என்றார்கள். பிற்பாடு நகல் வாங்கிப் பார்த்தால் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று இருக்கிறது! வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. எழுதிக் கொண்டுபோய், தீர்மானம் வாசிக்கும் முன்பே கையில் கொடுத்து, கொடுப்பதைப் பக்கத்தில் இருப்பவரை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வந்தவர் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதற்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேர். கையெழுத்து நோட்டு ஒரு சுற்று சுற்றி வரும்போதே எண்ணிவிடலாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தது சுலபமாக முடிந்தது, மனு எண்ணும் கையோடு வந்தது. சில வாரம் கழித்து அந்த மனுவை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. காரணம்: கிராம சபைத் தீர்மானத்தின்படி நடவடிக்கை எடுக்கப்படுகிறது. நாங்கள் புகார் சொன்னதே அந்தத் தீர்மானத்தைப் பற்றித்தான்!

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் இருக்கிறார். உறவு இல்லை, ஆனாலும் தெருவுக்கே பெரியப்பா. அவர்தான், "மனு எழுதினா போதாது பாப்பா, பேப்பர் தேடு" என்றார். தேட ஆரம்பித்த பிறகுதான் உண்மையான அலைச்சல். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையோ, நான் பிழைத்தேன். என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள்தான் பாவம், பாதி நாள் வாசலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

லேஅவுட் போட்டவர் சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம். உரிய அலுவலகத்தில் கேட்டேன். நாற்காலியில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "தானப் பத்திரமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அது கவர்மென்ட் இடம், கவர்மென்ட் கட்டுது. உங்களுக்கென்ன?" என்றார். சரி, மனுவையாவது வாங்கிக்கொண்டு சீல் போட்டுக் கொடுங்கள் என்றேன். சீல் வைத்திருப்பவர் லீவாம். அடுத்த முறை போனபோது சீல் இருந்தது, மை இல்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெரியப்பா சிரித்தார். அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தைப் பிரின்ட் எடுத்து மனு நகலோடு பின் அடித்து வைத்தார். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டால் "கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இயலாது" என்று திரும்பி வரும். இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். 30 நாள் கெடு. பதில் வந்தது: "தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை." அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. விசாரணையில் அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

சொந்த இடத்தின் பத்திரம் அவர்களிடமே இல்லை என்றால், பதிவு செய்த இடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (ஓர் இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் விவரம்) பார்க்கக் காசு கிடையாது. இப்போதைய சர்வே எண்ணைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. லேஅவுட் போட்டபோது அது ஒரே பெரிய எண். பிறகு உட்பிரிவு செய்து, உட்பிரிவுக்குள் உட்பிரிவாகி, ஏ1பி என்றெல்லாம் வால் முளைத்துவிட்டது. தானப் பத்திரம் பழைய தாய் எண்ணின் கீழ்தான் கிடக்கும். பழைய எண்ணுக்கு எங்கும் போக வேண்டாம், உங்கள் தெருவில் முதலில் மனை வாங்கியவரின் கிரயப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், லேஅவுட் அங்கீகார எண் இரண்டுமே இருக்கும். எங்களுக்குக் கிடைத்த பத்திரம் ஒரு டிரங்குப் பெட்டியில் நாப்தலின் வாசனையோடு இருந்தது.

பழைய எண்ணைப் போட்டதும் வந்துவிட்டது. சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் படித்தபோது கை நடுங்கியது என்றால் மிகையில்லை. "பூங்கா மற்றும் சிறுவர் விளையாட்டுத் திடலாக மட்டும் பயன்படுத்திக்கொள்ள" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "மட்டும்" என்று இருந்ததைப் பார்த்துப் பெரியப்பா டீ வாங்கிக் கொடுத்தார், தெருவில் அது பெரிய செய்தி. அங்கீகார எண்ணை வைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபட நகலும் வாங்கினோம், அங்கே தொல்லை இல்லை.

கையோடு சிட்டாவையும் எடுத்தோம். தானம் கொடுத்து இத்தனை வருடம் ஆகியும் பட்டா லேஅவுட் போட்ட புரமோட்டர் பெயரிலேயே நிற்கிறது. இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. உங்கள் லேஅவுட்டின் பூங்கா இடத்துக்கும் இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பட்டா அவர் பெயரில் இருக்கும்வரை அதை யாருக்காவது விற்க வழி இருக்கிறது.

புதிய மனுவில் இதையெல்லாம் இணைத்த பிறகுதான் விசாரணைக் கடிதம் வந்தது. காலை 11 மணிக்கு ஆஜராக வேண்டும், கடிதம் கைக்கு வந்ததோ முந்தின நாள் மாலை. வேலைக்குப் போகிறவர்கள் லீவு சொல்லி, ஆட்டோ பிடித்துப் போய் உட்கார்ந்தோம். மதியம் வரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தான் "சார் ரிவ்யூ மீட்டிங் போயிட்டாரு, தேதி சொல்லி அனுப்பறோம்". பழைய ஊர்க்காரர்களும் வந்து காத்துக்கிடந்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பெஞ்சு. அன்று வந்த வேலை எதுவும் நடக்கவில்லை, ஆனால் கிராம சபையில் எங்களைக் கேள்வி கேட்ட பெரியவரும் நானும் பேச ஆரம்பித்தோம். அவர் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். "எந்த எடமா இருந்தா எனக்கென்ன கண்ணு, கூரை ஒண்ணு வேணும்" என்றார். அதற்குள் கூடம் எழும்பாது என்று அவருக்கும் தெரியும், அடுத்தது பேரனுக்கு என்று சிரித்தார்.

அன்றிலிருந்து நாங்கள் மாற்று இடம் தேடினோம். யாரோ ஏரிக்கரையோரம் காலியாக இருக்கிறதே என்றார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டினால் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டை இணையத்திலேயே எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்ததில், ஒகேனக்கல் தண்ணீர் ஏற்றும் மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலத்தில், காலி இடம் இருந்தது. பழைய ஊருக்கு ஒட்டினாற்போல, வண்டி திரும்ப அகலமான பாதையோடு.

இரண்டாவது முறை விசாரணை நிஜமாகவே நடந்தது. அதிகாரி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஒரு தரப்புக்கு ஒருவர்தான் பேச வேண்டும் என்றுவிட்டார். சத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வரைபடம், தானப் பத்திர நகல், தகவல் உரிமைப் பதில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதையும் சொன்னேன்.

"அது கர்நாடகா மேட்டர்மா."

"சுப்ரீம் கோர்ட்டுங்க சார்."

சிரித்துவிட்டார். ஆனால், அது தனியாருக்குக் கொடுத்தது, இது ஊர்ப் பொதுக் கூடம், இரண்டும் ஒன்றாகாது என்று உடனே மடக்கினார். அவர் சொன்னதும் சரிதான். தீர்ப்பை மட்டும் நம்பிப் போயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அப்புறம் பத்திரத்தை எடுத்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "இதை ஏன் மொதல்லயே குடுக்கலை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்படி ஒரு பத்திரமே இல்லை என்று சொன்னவர் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றார். நான் தகவல் உரிமைப் பதிலின் மேல் விரலை வைத்துக் காட்டினேன், வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும், காரியத்தை முடித்துக் கொடுத்தது அந்தப் பத்திரம்கூட இல்லை. தொட்டிப் பக்கத்து இடத்தைச் சொன்னதும் பெரியவர் எழுந்து, "அங்க கட்டினா எங்க தெருவுக்கு இன்னும் கிட்டங்க" என்றார். இரண்டு தரப்பும் ஒன்றையே கேட்டால் அதிகாரிக்கும் நிம்மதி. அங்கேயே எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். எங்கள் தாளில் முதலில் "ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது" என்று இருந்தது. அதை அடித்து "மாற்று இடம் ஏற்கப்பட்டது" என்று எழுதச் சொன்ன பிறகுதான் போட்டோம்.

நத்தம் இடத்தை அளந்து கல் நட்டாயிற்று. பூங்கா இடத்தின் பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை முதல் நாளே சீல் போட்டுக் கொடுத்தார்கள். பெரியப்பா அதை நம்பாமல் ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒன்று அனுப்பி வைத்திருக்கிறார்.